கசிவெல்லாம் உடைப்பல்ல

காவிரி டெல்டாவில் வேரூன்றிவிட்ட ஒரு கருத்து இது: இதயத்தை ஒலியலையால் பார்க்கும் எக்கோவின் அறிக்கையில் ‘மைல்டு எம்.ஆர்.’ (மைட்ரல் வால்வில் லேசான கசிவு) என்றோ ‘மைல்டு டி.ஆர்.’ (ட்ரைகஸ்பிட் வால்வில் லேசான கசிவு) என்றோ வந்துவிட்டால் இதயத்தின் வால்வு கெட்டுவிட்டது. இன்றைக்குச் சின்ன லீக், நாளைக்குப் பெரிய லீக், கடைசியில் ஆபரேஷன். ஆகவே கனமான வேலை கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் பிள்ளை பெறுவதை யோசிக்க வேண்டும். கல்யாணம் ஆகாதவளாக இருந்தால் அந்தத் தாளை யார் கண்ணிலும் காட்டக் கூடாது. கும்பகோணத்து வங்கி அதிகாரியும் ஒரத்தநாட்டுப் பக்கம் நடவுக்குப் போகும் பெண்ணும் இதில் ஒரே கட்சி. “ஒண்ணும் பயமில்லம்மா, மைல்டுதான்” என்று டாக்டர் சொன்னால், “அப்ப லீக்கு இருக்குதானே டாக்டர்?” என்று பதில் கேள்வி வருகிறது.

இந்தக் கருத்து தவறு. ஆனால் முட்டாள்தனமானது என்று சொல்ல மாட்டேன். இந்த மண்ணில் பிறந்தவருக்குக் கசிவைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. நண்டு வளையில் கசியும் தண்ணீர் விடிவதற்குள் வரப்பை அறுத்துவிடும். கொள்ளிடக் கரையில் ஊற்றுக் கண்டால் நடுராத்திரியில் மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஊர் இது. சின்னதாக இருக்கும்போதே அடைக்க வேண்டும் என்பது இங்கே அனுபவத்தில் வந்த அறிவு. இன்னொரு காரணமும் உண்டு. பழைய குடும்பங்களில் வால்வு சுருங்கி, மூச்சு வாங்கி, முப்பது வயதுக்குள் போன ஒரு அத்தையோ சித்தியோ இருப்பார். மருத்துவர்களிடையேயும் ‘கசிவு கசிவை வளர்க்கும்’ என்று ஒரு பழைய வழக்கு இருக்கிறது. இத்தனையும் சேர்ந்து வந்த பயத்தை “சும்மா இருங்க” என்று அதட்டி விரட்ட முடியாது. எங்கே தவறுகிறது என்று காட்டித்தான் ஆக வேண்டும்.

1. பத்தில் எட்டுப் பேருக்கு இருப்பதை நோய் என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரின் மக்களை 1948 முதல் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து பார்த்துவரும் இதய ஆய்வு ஒன்று உண்டு. அதில் ஏறக்குறைய 3,500 பேரின் எக்கோவை வைத்து 1999இல் ஒரு கணக்கு வெளியானது. துளி அளவையும் சேர்த்துக்கொண்டால், மைட்ரல் வால்விலும் சரி, ட்ரைகஸ்பிட் வால்விலும் சரி, பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கசிவு இருந்தது. ‘மைல்டு’ முதல் மேலே என்று மட்டும் எடுத்தாலும் மைட்ரலில் ஐந்தில் ஒருவர். இவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்தவர்கள் அல்ல, ஊரில் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் வெள்ளைக்காரர்கள், நாம் வேறு என்று ஒருவர் சொல்லலாம். வால்வு மூடும் விதம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. மாறுவது ருமாட்டிக் காய்ச்சல். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கசிவு புதிதாக முளைத்ததும் இல்லை, பார்க்கும் கருவிதான் புதிது. 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஒலியலைக் கருவியைக் கப்பல் கட்டும் தளத்திலிருந்து இரவல் வாங்கி இதயத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். எட்லருக்கு வேண்டியிருந்தது ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிய மைட்ரல் வால்வை ஆபரேஷனுக்கு முன்னால் கண்டுகொள்வது. ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை வண்ணத்தில் காட்டும் கலர் டாப்ளர் 1980களில்தான் வந்தது. அதுவரை ஸ்டெதாஸ்கோப்புக்குக் கேட்காத கசிவு பெரும்பாலும் யாருக்கும் தெரியாமலே இருந்தது. உங்கள் தாத்தாவுக்கும் மைல்டு டி.ஆர். இருந்திருக்கலாம், அவர் எண்பது வயதில் வேறு எதிலோ போய்ச் சேர்ந்தார்.

ட்ரைகஸ்பிட் கசிவு இருப்பது மருத்துவருக்கு ஒரு வசதியும்கூட. அந்தத் தாரையின் வேகத்தை அளந்துதான் நுரையீரல் தமனியின் அழுத்தத்தைக் கணக்குப் போடுகிறார். கசிவு சுத்தமாக இல்லாவிட்டால் அந்தக் கணக்குக்குப் பிடி கிடைக்காமல் திண்டாடுவார்.

கருவி நோயை உண்டாக்குவது இது முதல் தடவையும் இல்லை. 1970களிலும் 80களிலும் மைட்ரல் வால்வின் இதழ் பின்னால் மடிகிறது என்று ஏராளமானவர்களுக்கு, குறிப்பாக இளம்பெண்களுக்கு, முத்திரை குத்தினார்கள். அந்த வால்வின் வளையம் தட்டையாக இல்லாமல் குதிரைச் சேணம் போல வளைந்திருப்பதைப் புரிந்துகொண்டு அளவுகோலைத் திருத்திய பிறகு, அதே ஃபிரேமிங்ஹாமில் 1999இல் எண்ணிப் பார்த்தால் 2.4 சதவீதம் பேருக்குத்தான் அது இருந்தது.

2. கரையும் ஷட்டரும் ஒன்றா?

வரப்பு உடைவது ஏன்? ஓடுகிற தண்ணீர் மண்ணை அரித்துத் தின்கிறது. ஓட்டை பெரிதாகப் பெரிதாகத் தண்ணீர் கூடுகிறது. வால்வு அப்படிப்பட்ட கரை இல்லை. அது திறந்து மூடுகிற ஷட்டர். வாய்க்கால் தலைப்பில் ஷட்டரை முழுக்க இறக்கிய பிறகும் அடியில் கொஞ்சம் தண்ணீர் சீறிக்கொண்டுதான் இருக்கும். அதற்காக யாரும் நீர்வளத் துறைக்கு மனு எழுதுவதில்லை. இடுக்கில் போகும் அந்தத் தண்ணீர் ஷட்டரைத் தின்பதும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். இடது கீழறை ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி ரத்தத்தை உடம்புக்குத் தள்ளுகிறது. மைட்ரல் வழியே 60 மில்லியும் அதற்கு மேலும் திரும்பி ஓடினால்தான் ‘சிவியர்’. 30க்குக் கீழே இருந்தால் ‘மைல்டு’. பலருக்கு அந்த வரம்பைவிடவும் வெகுவாகக் குறைவு. கசியும் தாரையின் மிகக் குறுகிய இடம் மைல்டில் 3 மில்லிமீட்டரை எட்டாது. சிவியரில் அது 7 மில்லிமீட்டர், அதற்கும் மேல்.

‘கசிவு கசிவை வளர்க்கும்’ என்ற வழக்கு பொய்யா? பொய் இல்லை, ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. திரும்பி வரும் ரத்தம் அறையை விரிக்கிறது, அறை விரிய வால்வின் வளையம் விரிகிறது, இதழ்கள் விலகுகின்றன, கசிவு கூடுகிறது. இந்தச் சக்கரம் சுழலத் தொடங்க, அறையை விரிக்கும் அளவுக்கு ரத்தம் திரும்ப வேண்டும். மைல்டில் அவ்வளவு திரும்புவதில்லை. மைல்டாக இருந்து சில ஆண்டுகளில் சிவியர் ஆனவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்களுடைய வால்விலோ இதயத் தசையிலோ வேறொரு நோய் இருந்தது. இதழ் தளர்ந்து மடிந்தது, அல்லது ருமாட்டிக் தழும்பு ஏறியது, அல்லது மாரடைப்புக்குப் பின் கீழறை வீங்கியது. கசிவை வளர்த்தது அந்த நோய்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வால்வு லீக் என்பது இதயத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை என்பது பிறவியிலேயே இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரில் இருப்பது. இரண்டையும் ஒன்றாக்கி “ஹார்ட்ல ஓட்டையாம்” என்று அடுத்த தெருவுக்குச் சேதி போவதற்குள் பேஷண்டுக்கே அது உண்மையாகிவிடுகிறது.

3. போன வருஷம் ட்ரிவியல், இந்த வருஷம் மைல்டு: வளர்ந்துவிட்டதா?

போன வருஷத் தாளில் ‘ட்ரிவியல்’, அதாவது துளிக் கசிவு; இந்த வருஷத் தாளில் ‘மைல்டு’. பயத்துக்குக் கிடைக்கும் ஆகப் பெரிய சாட்சி இந்த இரண்டு தாள்கள்தாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “பாருங்க, ஏறிடுச்சு” என்கிறார்கள். எக்கோ அறைக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை கவனித்தால் இந்தச் சாட்சி நிற்காது. விளக்கைத் தணித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, ஜெல் தடவிய கருவியை விலா எலும்புகளின் இடுக்கில் வைத்து அழுத்துகிறார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் இரண்டு இதழ்கள் கைதட்டுவது போலத் திறந்து மூடும். கலர் பொத்தானைத் தட்டினால் கருவியை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போகும் ரத்தம் நீலம். மூடிய மைட்ரல் இதழுக்குப் பின்னால் ஒரு நீலக் கீற்று மின்னி மறையும். அதுதான் நீங்கள் தூக்கம் கெட்டுக் கிடக்கும் லீக்.

அந்தக் கீற்று சின்னதாக இருக்கும்போது அதை எடை போடுவது பெரும்பாலும் கண் மதிப்பு. வண்ணத்துக்கான வேக அளவுகோலைக் குறைத்து வைத்தால் அதே கீற்று பெரிதாகத் தெரியும். கலர் கெயினை ஏற்றினாலும் அப்படியே. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, படி ஏறி, பி.பி. 170இல் படுத்தவருக்கு மைட்ரல் கசிவு கூடத் தெரியும். 130க்கு வந்த பிறகு எடுத்தால் குறையும். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவே 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. அப்போது ட்ரைகஸ்பிட்டிலும் மைட்ரலிலும் கொஞ்சம் கசிவு தெரிவது இயல்பு. தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனைக்குப் பிரசவத்துக்குப் போகிற பெண்ணின் தாளில் அந்த வரி இருந்தால், சம்பந்தி வீடு பதற வேண்டியதில்லை. ஆக, ஒரு சென்டரில் ட்ரிவியல் என்று எழுதப்பட்டது வேறொரு சென்டரில், வேறொரு கருவியில், வேறொரு டாக்டர் கையில் மைல்டு ஆவதற்கு இதயம் எந்த மாற்றமும் அடைய வேண்டியதில்லை.

4. தாளில் பத்து வரி இருக்க, ஒரு வரியை மட்டும் ஏன் படிக்கிறோம்?

இப்படி ஒரு தாளை வைத்துக்கொள்வோம்: வயது 48, பெண். இ.எஃப். 62 சதவீதம். இடது கீழறை விரிந்த நிலையில் 4.6 சென்டிமீட்டர். இடது மேலறை 3.4. சுவர் அசைவில் குறை இல்லை. வால்வு இதழ்கள் இயல்பு. நுரையீரல் அழுத்தம் இயல்பு. மைல்டு எம்.ஆர்., ட்ரிவியல் டி.ஆர்.

வீட்டில் எல்லோர் கண்ணும் கடைசி வரியில் நிற்கிறது. தீர்ப்போ அதற்கு மேலே இருக்கிறது. இ.எஃப்., அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு, 55க்கு மேல் இருந்தால் கீழறை நன்றாகப் பிழிகிறது. பெண்ணுக்குக் கீழறை 5.2 வரை, மேலறை 3.8 வரை போகலாம், ஆணுக்கு 5.8, 4.0. இந்தப் பெண்ணின் இரண்டு அறைகளும் வரம்புக்குள் நன்றாகவே இருக்கின்றன. கசிவு அவரை ஏதாவது செய்திருந்தால் முதலில் விரிந்திருக்க வேண்டியது அந்த மேலறை. அது விரியவில்லை. இதழ்களும் சரியாக இருக்கின்றன. கடைசி வரியை மேலே உள்ள வரிகளோடு சேர்த்துப் படித்தால் இவருக்கு வால்வு நோய் இல்லை. அதே கடைசி வரி, மேலறை 5 சென்டிமீட்டராக விரிந்து, இதழ்கள் தடித்திருக்கிற ஒருவரின் தாளில் இருந்தால் அது வேறு கதை. அங்கே மைல்டு என்ற மதிப்பீட்டையே சந்தேகித்துத் திரும்பப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

5. “எச்சரிக்கையா இருந்தா என்ன நஷ்டம்?”

நஷ்டம் நிறைய. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கோ ஹெர்னியாவுக்கோ மயக்க மருந்து கொடுக்கலாமா என்று பார்க்க எடுத்த எக்கோவில் இந்த வரி வந்து, வீட்டார் பயந்து ஆபரேஷனையே தள்ளிப்போடுகிறார்கள். ரத்தப்போக்கில் சோகை ஏறி, இதயத்துக்கு உண்மையிலேயே பாரம் கூடுகிறது. கபடி ஆடுகிற பையனை உட்கார வைக்கிறார்கள். 2015இல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் விளையாட்டு வீரர்களுக்கென்று வெளியிட்ட பரிந்துரையிலேயே, கீழறையும் துடிப்பு லயமும் சரியாக இருந்தால் மைல்டு மைட்ரல் கசிவோடு எந்தப் போட்டியிலும் இறங்கலாம் என்று இருக்கிறது. நாற்று நடுவதற்கு அதைவிட என்ன தடை? பல் பிடுங்கப் போனால் ஆன்டிபயாட்டிக் கட்டாயம் என்கிறார்கள். செயற்கை வால்வு வைத்தவர், முன்பு வால்வில் கிருமித்தொற்று வந்தவர், சில பிறவி இதயக் கோளாறு உள்ளவர் போன்ற சிலருக்கு மட்டும் அது போதும் என்று 2007லேயே வழிகாட்டுதல் சுருக்கப்பட்டுவிட்டது; சாதாரண மைல்டு கசிவு அந்தப் பட்டியலில் இல்லை. “இப்பவே வால்வை மாத்திட்டா?” என்று கேட்பவர்களும் உண்டு. உலோக வால்வு வைத்தால் சாகும்வரை ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, அதற்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை. துளிக் கசிவுக்காக யாராவது இந்த வியாபாரத்தில் இறங்குவார்களா?

எல்லாவற்றையும்விட என்னை ஆத்திரப்படுத்துவது வேறொன்று. வால்வுக்கு மாத்திரை கேட்டு டாக்டர் டாக்டராக அலைகிறவர், பி.பி. மாத்திரையை மூன்று மாதமாக விட்டிருப்பார். மைல்டு கசிவை அடைக்கும் மாத்திரை உலகத்தில் கிடையாது. கசிவு வளர ஒரு காரணமாகக்கூடிய ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வாசலில் வருவது அலமாரியில் தூங்குகிறது. இல்லாத மருந்தைத் தேடிப் பஸ் ஏறுகிறார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு எக்கோ என்பதும் யாரும் வகுத்த விதி இல்லை. 2020இல் வெளியான அமெரிக்க வால்வு வழிகாட்டுதலின்படி, வால்வில் நோய் இருந்து கசிவு மைல்டாக இருந்தால்கூட மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை போதும். மாடரேட்டுக்கு ஓரிரண்டு ஆண்டு. சிவியருக்குத்தான் ஆறு மாதம், ஓராண்டு. வால்வு இயல்பாக இருந்து துளிக் கசிவு மட்டும் என்றால், புதிதாகத் தொந்தரவு வராதவரை திரும்ப எடுக்கவே வேண்டியதில்லை.

6. அப்படியானால் ‘மைல்டு’ என்றாலே தாளை மடித்துப் பரணில் போட்டுவிடலாமா?

கூடாது. இந்த எதிர்த்தரப்பும் இப்போது வளர்ந்துவருகிறது. “எல்லாருக்கும் இருக்கறதுதான், விடுங்க” என்று தாளைப் பார்க்காமலே சொல்வது, பயப்படுவதைப் போலவே சோம்பேறித்தனம். இரண்டு பேரும் ஒரே ஒரு வரியைத்தான் படிக்கிறார்கள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தாளில் அதே மைல்டு எம்.ஆர். வந்தால் நான் நின்று படிப்பேன். ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் தொண்டைப் புண், சில வாரம் கழித்துக் காய்ச்சல், முழங்காலில் தொடங்கிக் கணுக்காலுக்கும் மணிக்கட்டுக்கும் மாறி மாறித் தாவும் வலி என்று வந்து போகும் ருமாட்டிக் காய்ச்சல், போகும்போது வால்வில் தழும்பை விட்டுப் போகிறது. அந்தப் பழைய வீட்டுச் சித்தியைக் கொன்றது பெரும்பாலும் இதுதான். இது குறைந்திருக்கிறது. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் 2001-02இல் 2,29,829 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது ஆயிரத்துக்கு 0.68 பேருக்கே ருமாட்டிக் இதய நோய் இருந்தது. அங்கே முதல் சல்லடை ஸ்டெதாஸ்கோப். எக்கோவையே சல்லடையாக வைத்தால் படம் மாறுகிறது. ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் 6,270 பிள்ளைகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர் காதுக்குச் சிக்கியது ஆயிரத்துக்கு 0.8, எக்கோவுக்குச் சிக்கியது 20.4. அறிகுறியே இல்லாத இந்தச் சிறு மாற்றங்களுக்கு வைத்தியம் பயன்படுமா என்பதற்கு உகாண்டாவில் 818 பிள்ளைகளிடம் நடந்த சோதனை பதில் சொன்னது. நாலு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டவர்களில் இரண்டு ஆண்டில் நோய் முற்றியது 0.8 சதவீதம். போடாதவர்களில் 8.2.

இந்த எண்கள் எனக்கு எதிரானவை என்று தோன்றலாம். கடைசி எண்ணான 8.2ஐத் திருப்பிப் பாருங்கள்: ருமாட்டிக் என்று சந்தேகிக்கப்பட்ட பிள்ளைகளிலேயே, ஊசி இல்லாமலும், இரண்டு ஆண்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முற்றவில்லை. அந்தப் பிள்ளைகளைப் பிரித்தெடுத்த விதத்தையும் பாருங்கள். 2012இல் உலக இதயக் கூட்டமைப்பு வகுத்த அளவுகோலில் மைட்ரல் கசிவு இரண்டு கோணங்களில் தெரிய வேண்டும், குறைந்தது 2 சென்டிமீட்டர் நீள வேண்டும், நொடிக்கு 3 மீட்டர் வேகம் வேண்டும், கீழறை சுருங்கும் நேரம் முழுக்க நீடிக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்தாலும் ருமாட்டிக் என்று உறுதி செய்ய இதழ் தடித்திருப்பது, அசைவு இறுகியிருப்பது போன்ற வடிவக் குறைகள் வேண்டும். உறுதியானால் இருபத்தொரு நாளைக்கு ஒரு ஊசி, பல ஆண்டுகளுக்கு. அதை ஒரு தவணைகூட விடக் கூடாது. இங்கேயும் முடிவு செய்தது இதழ். கசிவு வழியைக் காட்டியது, அவ்வளவுதான்.

இரண்டாவது விலக்கு, பெருந்தமனியின் வாயிலில் இருக்கும் அயோர்டிக் வால்வு. மைட்ரலில் மைல்டும் அயோர்டிக்கில் மைல்டும் ஒரே எடை இல்லை. 1997இல் ஃபென்ஃபுளூரமின் என்ற எடை குறைக்கும் மாத்திரை வால்வைக் கெடுக்கிறது என்று அமெரிக்காவில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டபோது, பாதிப்பை எண்ண அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வைத்த கோடு இதுதான்: மைட்ரலில் மாடரேட் முதல், அயோர்டிக்கில் மைல்டு முதல். இளம் வயதில் மைல்டு ஏ.ஆர். (அயோர்டிக் கசிவு) வந்தால் மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறதா, பெருந்தமனி விரிந்திருக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது. இதழ் பின்னால் மடிகிறது என்று எழுதியிருந்தாலும், மாரடைப்புக்குப் பிறகு புதிதாகக் கசிவு வந்தாலும் தொடர்ந்து பார்க்க வேண்டும். முன்பு ஏறிய படியில் இப்போது மூச்சு வாங்கினாலோ, காரணம் தெரியாத காய்ச்சல் வாரக்கணக்கில் விடாமல் அடித்தாலோ, ‘மைல்டுதானே’ என்று பழைய தாளை நம்பி உட்காரக் கூடாது.

ஒரு பங்கு பொறுப்பு எழுதுகிறவர்களுக்கும் உண்டு. எக்கோவின் முடிவுரையில் இயல்பான கசிவையும் நோய்களின் வரிசையிலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டு, ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்று சலித்துக்கொள்வதில் நியாயம் இல்லை. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் திருவாரூரிலும் எக்கோ எழுதும் மருத்துவர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. கசிவைக் குறிப்பிடும் இடத்திலேயே இதழ் இயல்பா இல்லையா, அறை விரிந்ததா இல்லையா, அடுத்த எக்கோ எந்த ஆண்டு அல்லது தேவையே இல்லையா என்ற மூன்றையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். எழுதாத தாள் கையில் வந்தால், வாசகரே, நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன் அந்த மூன்றையும் நீங்களே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.